தூக்கிப் பார்த்தால் தெரியும்

குழந்தையைத் தூக்குவதில் அந்த அக்காவுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கி, மார்போடு அணைக்காமல், தன் முகத்துக்கு நேராகப் பிடித்து நிறுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு திறந்து, "ஏழே முக்காலுங்க" என்பார். ஏழெட்டு இருக்கும் என்று ஒரு நாளும் பொத்தாம்பொதுவாகச் சொன்னதில்லை. எதிரில் நிற்கும் தாய்க்காரியின் முகம் அதைக் கேட்டு மலர்ந்துவிடும், இல்லையென்றால் தொங்கிவிடும்.

எங்கள் வீதியில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை அவரிடம் குழந்தையைக் கொண்டுவந்து தூக்கச் சொல்வார்கள். பால்வாடியில் எடை மெஷின் இருந்தது. இருந்தாலும் அக்கா வாயால் சொன்னால்தான் திருப்தி. ஒருமுறை பால்வாடி டீச்சர் ஒரு குழந்தைக்கு எட்டேகால் என்று எழுதப் போனபோது, அக்கா பக்கத்தில் நின்று, ஏழே முக்கால்தான் இருக்கும், உங்கள் மெஷின் அரைக் கிலோ பொய் சொல்கிறது என்று சொல்லிவிட்டார். டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவர் யார், தறிக்குத் தார் சுற்றுகிறவர் யார் என்ற கோபம். அடுத்த மாதம் புது மெஷின் வந்தது. பழையதன் கொக்கி துருப்பிடித்துப் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு டீச்சர் நோட்டில் எழுதும் முன்பு அக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். இதைச் சொல்லியே டீச்சரை வெகுநாள் ஓட்டியிருக்கிறோம்.

அக்கா எங்கள் தறிக்குடோனில் தார் சுற்றினார். கோனில் இருக்கும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றினால் அதற்குத் தார் என்று பெயர். அதைக் குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்குள் வைத்துத்தான் தறியை ஓட்டுவார்கள். காலையில் வந்தால் பொழுது சாயும்வரை கோனைத் தூக்கி மாட்டுவதும் இறக்குவதும்தான் வேலை. பாதி ஓடிய கோனைக் கையில் எடுத்துப் பார்த்தே, இன்னும் இத்தனை தாருக்கு நூல் வரும் என்று சொல்லிவிடுவார். அப்படியே வரும். ஆச்சரியப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. "தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுபோகுதுங்க, இதுல என்னங்க அதிசயம்" என்பார். கோனுக்கும் பூசணிக்காய்க்கும் குழந்தைக்கும் அவரிடம் ஒரே பேச்சுதான்.

எனக்கு ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. கல்யாணமாகிச் சோமனூர்ப் பக்கம் வந்த முதல் வாரம் எனக்குத் தலைவலி மாத்திரைதான் சாப்பாடு. வீட்டுச் சுவரை ஒட்டி எட்டுத் தறி ஓடியது. பக்கத்து வீட்டில் பத்து, எதிர்வீட்டில் ஆறு. கணவர் எதிரில் நின்று பேசினால் வாய் மட்டும் அசையும். கேட்கவில்லை என்று நான் சொன்னால் அதுவும் அவருக்குக் கேட்காது. புதுப்பெண்டாட்டியிடம் ரகசியம் பேச முடியாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று என் தங்கைக்கு போன் செய்து சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

அந்த ஊரில் பிழைக்கத் தேவையான கைப்பேச்சை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அக்காதான். இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டினால் இழை அறுந்துவிட்டது. முஷ்டியைத் திருப்பினால் மோட்டாரை நிறுத்து. கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. நெற்றியில் கைவைத்தால் முதலாளி வருகிறார், அதாவது என் கணவர். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கழிவு நூலை இறுக்கிச் சுருட்டி அவர்மேல் எறிய வேண்டும், அவர் திரும்பிப் பார்ப்பார். அக்காவின் இடுப்பில் எப்போதும் நாலைந்து நூல் உருண்டைகள் இருக்கும். குறி தப்பியதே இல்லை. குடோனைவிட்டு வெளியே வந்து சோற்றுக்கு உட்கார்ந்தாலும் பாதிப் பேச்சு கையில்தான் நடக்கும். ஆறே மாதத்தில் நானும் அப்படித்தான் ஆனேன்.

கரண்ட் போனால்தான் வேடிக்கை. வீதி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் தறிகள் ஒரே நொடியில் நின்றுவிடும். சத்தத்திலேயே பிறந்து சத்தத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தைகள், அது நின்றதும் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு அழும்.

அக்காவுக்கும் ஒரு பையன் இருந்தான். ஒரு வயது நிரம்பும் முன்பே போய்விட்டான். அப்போது அவர் தார் சுற்றவில்லை, புருஷனோடு தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். புருஷனும் இப்போது இல்லை. பையனைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், ஒரு மத்தியானம், மோட்டாரை நிறுத்திவிட்டுச் சோறு தின்னும்போது. "தூக்குனாக் கையில ஒண்ணுமே இருக்காதுங்க அம்மணி. எனக்குத் தெரியலீங்க. மொதப் புள்ள. புள்ளைன்னா இப்புடித்தான் இருக்குமாட்டன்னு நெனச்சுப்போட்டேன்." அவ்வளவுதான். பிறகு சோற்றுப் போசியைக் கழுவப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் அங்கேயும் குழந்தைகளை வரிசையாகத் தூக்கிப் பார்ப்பார் என்று அவர் வீதிக்காரர்கள் சொல்வார்கள். எடை குறைந்த பிள்ளை கண்ணில் பட்டுவிட்டால் விடமாட்டார். அந்த வீட்டுக்கு ராகி மாவும் பயற்றமாவும் தானே இடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் கையால் தேறிய குழந்தைகள் எங்கள் பக்கத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். இதை நான் மறைக்கக் கூடாது.

என் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். ஒன்றே முக்கால் கிலோ. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா அவளைத் தூக்கினார். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை, எடையும் சொல்லவில்லை. "நானாச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

சொன்னதைச் செய்தார். எனக்குப் பால் ஊறுவதற்குப் பூண்டும் கருவாடும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து தின்ன வைத்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால் கை நீவிவிட்டார். ஆறு மாதம் ஆனதும் நேந்திரங்காய் மாவு, ராகிக்கூழ், நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். தார் மெஷின் ஓரத்தில் ஒரு துண்டை விரித்து அவளை உட்காரவைத்துக்கொண்டே வேலை செய்வார். பால்வாடி அட்டையில் என் மகளின் கோடு சிவப்பில் தொடங்கி மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்கு ஏறியது. முதல் பிறந்தநாளுக்கு ஒன்பதரைக் கிலோ. அந்த அட்டையை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருப்பேன், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக்காட்ட. பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைக்கூட அப்படிக் காட்டியதில்லை.

எடை ஏறினால் எல்லாம் தானாக ஏறும் என்பது அக்காவின் கட்சி. அதற்கு எதிர்க்கட்சி எங்கள் வீட்டில் கிடையாது. கரண்ட் போய் வீதியெல்லாம் அழும்போது என் மகள் மட்டும் தொட்டிலில் அசையாமல் தூங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து பொறாமையோடு எட்டிப் பார்ப்பாள். நிம்மதியாகத் தூங்கும் பிள்ளைக்குத்தான் சதை பிடிக்கும் என்று அக்கா அவளுக்கு விளக்கம் சொல்வார். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

பத்து மாதத்தில் அவள் இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டினாள். மூன்றாவது தறியில் உண்மையிலேயே இழை அறுந்திருந்தது. குடோனே சிரித்தது. என் கணவர் அதை போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒன்றேகால் வயதில் டீயும் கேட்டாள், மோட்டாரையும் நிறுத்தச் சொன்னாள், எல்லாம் கையால். அக்காவுக்கென்று அவளே ஒரு சைகை வைத்திருந்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டால் அக்கா என்று அர்த்தம். யாரும் சொல்லித்தராதது அது.

வாய் மட்டும் திறக்கவில்லை. ஒன்றரை வயதானபோது, அவளைவிட இரண்டு மாதம் சின்னவனான என் தங்கை மகன் போனில் என்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டான். எனக்குள் ஏதோ இடறியது. அக்காவிடம் சொன்னேன். அவர் மகளைத் தூக்கிக் கண்ணை மூடினார். "பத்தே முக்காலுங்க. இத்தனை கனமிருக்கற புள்ளைக்கு என்னங்க கொறை? வெசனப்படாதீங்க அம்மணி, பேச்சு எங்கீங்க போகுது, தானா வரும்" என்றார். தானே மூன்று வயதில்தான் பேசியதாகக் கணவரும் சொன்னார். நான் நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

பால்வாடி அட்டையின் பின்பக்கத்தில் படங்கள் உண்டு. இந்த வயதில் குழந்தை இதைச் செய்யும் என்று வரிசையாகப் போட்டிருக்கும். முன்பக்கத்துக் கோட்டைப் பார்த்த கண்ணால் நாங்கள் யாரும் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு இரண்டு வயது முடிந்த மாதம் டீச்சர் அதைத் திருப்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கேட்டார். மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பால்வாடிக்குப் பின்சுவரிலும் தறிதான், வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடுங்கள் பார்க்கலாம் என்றார் டீச்சர். அக்கா இடுப்பிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்துச் சுண்டினார். அது மகளின் கழுத்தில் போய்ப் பட்டது. மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா கையை ஆட்டினார், அவள் எழுந்து ஓடிவந்தாள். டீச்சர் டிக் போட்டார்.

இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாளா என்பது அடுத்த படம். "அதெல்லாம் கையிலயே கதை சொல்லிப்போடுதுங்க" என்றார் அக்கா. டீச்சர் சிரித்துக்கொண்டே அதற்கும் டிக் போட்டார். நூலை எறிந்து கூப்பிட்டது அந்த அறையில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் கூப்பிடுவது என்றால் அதுதான். டீச்சரும் தறிக்காரர் வீட்டுப் பெண். ஆனால் நான் உடுமலைக்காரி. தோப்பின் அந்தக் கோடியிலிருந்து அம்மா கூப்பிட்டால் இந்தக் கோடியில் திரும்பிப் பார்த்து வளர்ந்தவள். மூன்று பேரில் எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

உறைத்தது அதற்கு ஆறு மாதம் கழித்து, தங்கை வீட்டில். மத்தியானம். தோப்பில் ஒரு சத்தமில்லை. சமையலறையில் குக்கர் விசிலடித்தது, தங்கை மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவன் அம்மாவிடம் ஓடினான். அவன் ஏன் ஓடுகிறான் என்று என் மகள் வேடிக்கை பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, மகளுக்குப் பின்னால் நின்று கல்லில் போட்டேன். அவள் தேங்காய்த் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை போட்டேன். மூன்றாவது முறை போடுவதற்குள் தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் சோதனை செய்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்டிருக்காது என்றார் டாக்டர். நான் அந்தப் பச்சைக் கோட்டு அட்டையை அவர் முன்னால் நீட்டினேன். வாதாடுவதற்குத்தான் நீட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "எடையும் உயரமும் கூடறது ஒண்ணும்மா. கேக்கறது, பேசறது, புரிஞ்சு நடந்துக்கறது வேற ஒண்ணு. முதல்ல சொன்னதை மெஷின் காட்டிரும். ரெண்டாவதைக் கூட உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். உங்க குழந்தைக்குப் புத்தி நல்லா இருக்கு. காதுதான் கேக்கல."

பிறகு பழைய ஃபைலைப் புரட்டி, மூன்று வாரக் குழந்தையாக அவளை வீட்டுக்கு அனுப்பியபோது தந்த தாளை எடுத்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்பதால் ஒரு மாதத்துக்குள் காது சோதனைக்குக் கொண்டுவரவும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அந்த வருடம் நாங்கள் நாலு முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். நாலு முறையும் எடை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். அந்த வரி மடிப்பில் மறைந்திருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மறைந்திருக்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது குடோனில் சாப்பாட்டு நேரம், தறிகள் நின்றிருந்தன. அக்கா வழக்கம்போலக் கைகளை நீட்டிக்கொண்டு மகளைத் தூக்க வந்தார். நான் அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "தூக்கித் தூக்கிப் பாத்தீங்களே, ஒருநாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அந்தக் கேள்வியை நான் என்னைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், கணவரைப் பார்த்தாவது கேட்டிருக்கலாம். திருப்பிப் பேச முடியாதவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரைக் கேட்டேன். தறிக்குச் சொந்தக்காரி நான், தார் சுற்றுகிறவர் அவர். இந்தக் கேவலம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தார். ஆனால் வீட்டுப் பக்கம் வரவில்லை.

சில மாதங்களில் மகளுக்கு ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் ஒன்றும் வெளியில் ஒன்றுமாகக் கருவி வைத்தார்கள். அதை முதன்முதலில் ஓடவிட்டபோது பயந்து அலறினாள். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா எங்களுக்கு இரண்டு கட்டளை போட்டார். குழந்தையிடம் நாளெல்லாம் பேச வேண்டும், தொட்டதற்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டும். கையால் சைகை காட்டவே கூடாது, காட்டினால் காதைத் தேட மாட்டாள். இந்த இரண்டாவது கட்டளை சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு யார் எது சொன்னாலும் செய்வேன் என்ற நிலைமையில் இருந்தேன்.

சத்தம் ஆகாது என்று ஊர்க்கோடியில் சோளக்காட்டை ஒட்டி ஒரு வீடு பிடித்து நானும் மகளும் குடிபோனோம். கணவர் தறியோடு இருந்தார். நாளெல்லாம் பேசு என்றால் எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வருடக் கைப்பேச்சில் என் பேச்சே சுருங்கிப் போயிருந்தது. சட்டியைக் கழுவும்போது சட்டி, சட்டி என்று பத்துத் தடவை சொல்ல வெட்கமாக இருந்தது. மகள் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடி மூடிக் காட்டினாள். நான் கட்டளைப்படி பார்க்காதது போல இருந்தேன். ஒரு கட்டத்தில் கையைத் தூக்கியபடியே அழுவாள். அதையும் பார்க்காதது போல இருந்தேன்.

ஒரு சாயங்காலம் அக்காவே வந்தார். கேட்டுக்கு வெளியில் நின்றபடி, பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். உள்ளே கூப்பிட்டேன். கையைக் காட்டக் கூடாது, வாயால்தான் பேச வேண்டும் என்று எதிரில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்கினார்.

தகரத்தைத் தேய்ப்பது போன்ற குரல். ஊருக்கே கேட்கும்படி பேசினார். சோறு என்றார், சோளம் என்றார், எறும்பு ஊர்கிறது என்றார், அம்மா உன்னைத் திட்டுகிறாள் என்று என்னை இழுத்தார். எனக்கிருந்த வெட்கம் அவருக்கு இல்லை. மகள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, அடியிலிருந்து அந்தக் கைகளை வெளியே எடுக்கப் பார்த்தாள். அக்கா கொடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அவளைத் தூக்கவே இல்லை. தூக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை, தூக்குங்கள் என்றும் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் போகிறாள், வாயாடுகிறாள். சில எழுத்துகள் குழையும், தெரியாதவர்கள் ஒருமுறை திருப்பிக் கேட்பார்கள். இரண்டரை வருடம் முன்பே தொடங்கியிருந்தால் அந்தக் குழைவு இருந்திருக்காது என்று நான் நினைக்காத நாள் கிடையாது. அக்கா ஊரில் இல்லை. சென்னிமலைப் பக்கம் அண்ணன் மகன் வீட்டோடு போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு ஒரு குறிப்பிட்ட சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

அவர் வந்து பேசத் தொடங்கி ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். வாசல்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு எனக்காகக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். "க்கா" என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மறுபடியும், இந்த முறை முழுசாக, "அக்கா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

அக்கா கடலையை உரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் உறைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். மகள் மூன்றாவது முறை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அக்கா முறத்தைத் தூக்கித் தொலியை ஊதினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றேன். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். பாப்பா கூப்பிடுகிறாள் என்றேன். திரும்பிப் பார்த்தார். மகளின் உதடு அசைந்தது. அக்கா என்னிடம் திரும்பி, "பாப்பா என்னங்க சொல்லுது?" என்று கேட்டார்.

"அக்காங்கறா. உங்களத்தான் கூப்பிடறா."

அவர் மகளை இழுத்து எதிரில் நிறுத்தி, அவள் தொண்டைமேல் உள்ளங்கையை வைத்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். இன்னொரு தரம். கையை எடுக்கவே இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவர். காது எப்போது போனதோ தெரியாது. போன் வைத்துக்கொள்ள மாட்டார், தலைவலி வருகிறது என்பார். பேசும்போது வாயைப் பார்ப்பார். ஆறு வருடம் அவரோடு பழகியிருக்கிறேன், எல்லாம் கையால் பேசியே கழிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. ஒருநாளாவது கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று அவரைக் கேட்டேனே, நான் ஒருநாளாவது அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறேனா? அன்றைக்கு நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் என் உதட்டைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் அவர் எடுத்துக்கொண்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தேன். நாளைக்கே கோயம்புத்தூர் போகலாம், இதே டாக்டர், பார்த்துவிட்டுக் காதுக்கு ஒரு மெஷினாவது வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சிரித்தார்.

"எனக்கெதுக்குங்க அம்மணி அதெல்லாம்? நான் என்னங்க வளர்ற புள்ளையா?"

முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார். மகள் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் போய் நின்று, கூப்பிடுகிற புது விளையாட்டைத் தொடர்ந்தாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் திரும்பிப் பார்த்தேன்.